சிவப்புக் கொடி காட்டும் கேமரா

படம் பிடித்த பெட்டிகள் – 17

போன இதழில் ஈஸ்ட்மனின் ஒரு டாலர் பிரௌனியோடு நிறுத்தியிருந்தோம். 1900இல் வந்த அந்த அட்டைப் பெட்டி, பள்ளிப் பிள்ளையும் படம் எடுக்கலாம் என்று காட்டிவிட்டது. ஆனால் அது வெயிலின் தயவில் வாழ்ந்த பெட்டி. துவாரத்தின் அளவும் ஷட்டரின் வேகமும் பெரும்பாலும் போட்டது போட்டபடிதான். எடுப்பவர் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும்; எதிரில் நிற்பவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டும். மேகம் மூடினால் பெட்டி மறுப்பேதும் சொல்லாது. ‘டக்’ என்று சத்தம் வரும், பிலிம் நகரும். கழுவிப் பார்க்கும்போதுதான் நெகட்டிவில் ஒன்றுமே இல்லை என்பது தெரியும்.

1925இல் லைப்சிக் வணிகச் சந்தையில் லைக்கா அறிமுகமானபோது நிலைமை தலைகீழானது. கைக்கடக்கமான உடல், 35 மில்லிமீட்டர் பிலிம், நல்ல லென்ஸ். மேகத்திலும் எடுக்கலாம், மாலையிலும் எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் மூன்று முடிவுகள் எடுத்தாக வேண்டும்: துவாரம் எவ்வளவு திறப்பது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருப்பது, ஆள் எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறார். பழகியவர் கைக்கு இது தானாக வரும். பிறந்தநாள் கேக்கை வெட்டப்போகும் பிள்ளையின் முன்னால் நிற்கும் தாய்க்கு வராது. பிரௌனியின் எளிமையும் லைக்காவின் திறமையும் ஒரே பெட்டிக்குள் வர வேண்டும் என்றால், அந்த மூன்று முடிவுகளில் இரண்டையாவது இயந்திரமே எடுக்க வேண்டும். இந்த அத்தியாயம் அந்த இரண்டு முடிவுகளைப் பற்றியது.

முதல் முயற்சி பிரௌனியைச் செய்த கோடக்குடையதுதான். 1938இல் வந்த சூப்பர் கோடக் சிக்ஸ்-20, ஒளியைத் தானே அளந்து துவாரத்தைத் தானே வைத்தது. விலை 225 டாலர். அந்தக் காலத்து அமெரிக்காவில் அந்தப் பணத்துக்கு ஓடக்கூடிய பழைய கார் ஒன்றை வாங்கிவிடலாம். தயாரானவை 719. தொடக்கக்காரருக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட வசதி, பணக்காரரின் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு இருபது ஆண்டுகள் இந்தத் துறையில் பெரிய அசைவில்லை. 1959இல் ஜெர்மனியின் அக்ஃபா, ஆப்டிமா என்ற 35 மி.மீ. கேமராவைக் கொண்டுவந்தது. துவாரம், ஷட்டர் இரண்டையும் அதுவே தீர்மானித்தது. வெளிச்சம் போதுமென்றால் வியூஃபைண்டரில் பச்சை, போதாதென்றால் சிவப்பு. நல்ல யோசனை. ஆனால் அந்த யோசனையை உலகத்தின் சட்டைப் பைக்குள் கொண்டுபோனவர்கள் ஜப்பானியர்கள். அதிலும் குறிப்பாக ஓர் இளைஞர்.

யோஷிஹிசா மைதானி 1933இல் ஜப்பானின் ஷிகோகு தீவில், ககாவா மாவட்டத்தில் பிறந்தவர். குடும்பத் தொழில் சோயா சாஸ் காய்ச்சுவது. தோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தார். மாணவராக இருந்தபோதே கையில் லைக்கா. சும்மா படம் எடுத்துக்கொண்டிருக்காமல், கேமரா பற்றிய ஒரு காப்புரிமையும் வாங்கிவைத்திருந்தார். அந்தக் காப்புரிமை ஒலிம்பஸ் நிறுவனத்தின் எய்ச்சி சகுராய் கண்ணில் பட்டது. 1956இல் மைதானி ஒலிம்பஸில் சேர்ந்தார்.

ஒலிம்பஸ் அப்போது கேமரா உலகின் முதல் வரிசைப் பெயர் கிடையாது. 1919இல் தகச்சிஹோ என்ற பெயரில் நுண்ணோக்கி செய்வதற்காகத் தொடங்கிய நிறுவனம் அது. 1936இல்தான் ஜூய்கோ என்ற லென்ஸோடு புகைப்படத் துறைக்குள் கால் வைத்தது. நுண்ணோக்கி செய்த கைகள் என்பதால் கண்ணாடி விஷயத்தில் மட்டும் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

புதியவரை முதல் இரண்டு ஆண்டுகள் தொழிற்சாலையில் பழகவிட்டார்கள். பிறகு, ‘ஏதாவது ஒரு கேமரா வடிவமைத்துப் பார்’ என்றார்கள். மைதானி தனக்குத் தானே ஒரு விலையை விதித்துக்கொண்டார்: 6,000 யென். ஒலிம்பஸின் மலிவான கேமராவே அப்போது 20,000 யென்னுக்கு மேல். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் மாதச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்தாலும் வாங்க முடியாது. 6,000 என்றதும் அலுவலகத்தில் சிரித்தார்கள்.

மலிவாகச் செய்யச் சொன்னால் எல்லோரும் முதலில் லென்ஸில்தான் கை வைப்பார்கள். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக், நான்கு துண்டுக்குப் பதில் ஒன்று. மைதானி அங்கேதான் மாறுபட்டார். லைக்காவோடு வைத்துப் பார்த்தாலும் வெட்கப்படாத லென்ஸ் வேண்டும் என்று லென்ஸ் பிரிவிடம் கேட்டார். செலவைப் பற்றி வாயே திறக்கவில்லை. 1902இல் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் வகுத்த டெஸார் முறையில், நான்கு கண்ணாடிகள் மூன்று தொகுதிகளாக நின்ற ஜூய்கோ லென்ஸ் வந்தது. கையில் இருந்த பணத்தில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிட்டது. மிச்சத்தில்தான் முழுக் கேமராவையும் கட்ட வேண்டும்.

இங்கிருந்துதான் அவருடைய மூளை வேலைசெய்த விதம் தெரிகிறது. பிலிமை அரைச் சட்டமாக எடுத்தார்: 24×36 மி.மீ. பரப்பில் பாதி, 18×24. உடல் சிறியதாயிற்று, 36 படச் சுருளில் 72 படம் விழுந்தது. அன்றைய ஜப்பானியக் குடும்பத்துக்கு அதுவே பெரிய விஷயம். பிலிமை நகர்த்தும் நெம்புகோலைத் தூக்கிவிட்டு, கேமராவின் முதுகில் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பற்சக்கரத்தை வைத்தார். இடையில் வந்த கியர்கள் பல தேவையற்றுப் போயின, காசு மிச்சம். கேமராவைத் தயாரிக்கச் சொன்னபோது தொழிற்சாலைத் தலைவர், இப்படிப்பட்ட பொம்மையை நாங்கள் செய்யமாட்டோம் என்று மறுத்துவிட்டார் என்று மைதானி பிற்காலத்தில் தன் சொற்பொழிவுகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். முதல் தொகுதியை வெளியில் கொடுத்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. 1959 அக்டோபரில் ஒலிம்பஸ் பென் 6,000 யென்னுக்கே கடைக்கு வந்தது. விற்பனையைப் பார்த்த பிறகு தொழிற்சாலைக்கு அது பொம்மையாகத் தெரியவில்லை.

ஆனால் பென் இன்னும் தொடக்கக்காரரின் கேமரா ஆகவில்லை. துவாரம், வேகம், தூரம் எல்லாம் கையால்தான் வைக்க வேண்டும். வீடுகளில் என்ன நடந்தது என்றால், அப்பா எல்லாவற்றையும் வைத்துத் தயார்செய்து கொடுப்பார், அம்மா அழுத்துவார். அப்பா அலுவலகம் போயிருக்கும் பகலில் கேமரா அலமாரியிலேயே இருந்தது. குழந்தை நடக்கத் தொடங்குவதும் பல் முளைப்பதும் பகலில்தானே! அம்மா யாரையும் கேட்காமல் அழுத்தக்கூடிய கேமரா வேண்டும் என்பதுதான் மைதானி எடுத்துக்கொண்ட அடுத்த கணக்கு.

1961இல் பென் இஇ வந்தது. லென்ஸைச் சுற்றி ஈயின் கண் போலக் குமிழ் குமிழாக ஒரு கண்ணாடி வளையம். உள்ளே செலினியம் தகடு. செலினியத்தில் வெளிச்சம் பட்டால் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கும், பாட்டரி வேண்டியதில்லை. அந்த மின்சாரத்தால் மீட்டரின் முள் நகரும். முள்ளைப் பார்த்து முடிவெடுக்க ஆள் தேவையில்லை, இயந்திரமே எடுக்கும். தூரத்தையும் நிலையாக வைத்துவிட்டார்கள். எதையும் திருப்ப வேண்டாம், அழுத்தினால் போதும்.

அதே ஆண்டு கேனனும் கேனனெட் என்ற மின்கண் கேமராவை 18,800 யென்னுக்கு இறக்கியது; ஒரு வாரத்துக்கென்று அனுப்பிய சரக்கு இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தது என்று கேனன் தன் வரலாற்றில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. சந்தை எவ்வளவு பசியோடு காத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சில ஆண்டுகளில் அரைச் சட்டத்தின் மவுசு குறைந்தது. காரணங்கள் சாதாரணமானவை. வண்ணப் பிலிம் பரவியது. பிரிண்ட் பெரிதாக வேண்டும் என்றார்கள். பாதி அளவு நெகட்டிவைப் பெரிதாக்கினால் துகள் தெரிந்தது. 72 படம் முடியும்வரை ரோலைக் கழுவக் கொடுக்க முடியாது என்பதும் ஒரு தொல்லை. புத்தாண்டுப் படமும் அடுத்த கோடை விடுமுறைப் படமும் ஒரே ரோலில் கிடக்கும். இன்னொரு பக்கம், மக்கள் வெளியே கிளம்பத் தொடங்கியிருந்தார்கள். ஜப்பான் 1964 ஏப்ரலில்தான் தன் குடிமக்களைச் சுற்றுலாவுக்காக வெளிநாடு போக அனுமதித்தது. ஐரோப்பாவில் விமானத்தில் கூட்டிப்போய்க் கடற்கரையில் இறக்கிவிடும் மொத்தச் சுற்றுலாக்கள் பெருகின. பயணப் பையில் போட்டுக்கொண்டு போக, முழுச் சட்டப் படம் எடுக்கும், ஆனால் பென் இஇ போலவே யோசிக்க வைக்காத கேமரா ஒன்றுக்கு இடம் காலியாக இருந்தது.

அந்த இடத்தில் 1967இல் வந்து உட்கார்ந்ததுதான் ஒலிம்பஸ் டிரிப் 35.

பெயரே யாருக்காக என்று சொல்லிவிடுகிறது. புரட்சி எதுவும் இதில் இல்லை. பென் வரிசையில் ஏற்கெனவே தேறிய உறுப்புகளை முழுச் சட்டத்துக்கு ஏற்பப் பெரிதாக்கியதுதான். லென்ஸைச் சுற்றிய செலினிய வளையம் அப்படியே. முதுகில் கட்டைவிரல் சக்கரமும் அப்படியே. 6,000 யென்னுக்குள் அடக்குவதற்காகப் பிறந்த சிக்கனம், இங்கே ஒரு குணமாகவே நிலைத்துவிட்டது. லென்ஸ் 40 மி.மீ., எஃப் 2.8 ஜூய்கோ, அதே நான்கு கண்ணாடி முறை. நுண்ணோக்கிக்காரர்களைப் பற்றிச் சொன்னேனே, அது இங்கேதான் பலன் தருகிறது. எளிய கேமராக்களில் பெரும்பாலானவை எளிய லென்ஸோடு வந்த காலத்தில், இந்த ஒன்று லென்ஸை மட்டும் எளிமைப்படுத்தவில்லை. இன்றைக்கும் வெயிலில் எடுத்த டிரிப் 35 நெகட்டிவைப் பெரிதாக்கிப் பார்த்தால், இது தொடக்கக்காரரின் பெட்டி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இந்தக் கேமராவின் அழகு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தை ‘ஏ’ என்ற எழுத்தில் வைத்துவிட்டால் தானியங்கி. வெளிச்சத்துக்கு ஏற்ப முள் ஓரிடத்தில் நிற்கும். பொத்தானை அழுத்தும்போது, படிப்படியாக வெட்டப்பட்ட ஒரு சிறிய தகடு எழும்பி வந்து அந்த முள்ளை நின்ற இடத்திலேயே கவ்விப் பிடிக்கும். முள் எந்தப் படியில் சிக்கியதோ அதைப் பொறுத்துத் துவாரம் விரியும் அல்லது சுருங்கும். ஷட்டருக்கு இரண்டே வேகங்கள்: நொடியில் 40இல் ஒரு பங்கு, 200இல் ஒரு பங்கு. மங்கல் என்றால் முதலாவது, பளிச்சென்றால் இரண்டாவது. எது என்று கேமரா எடுப்பவருக்குச் சொல்வதுகூட இல்லை. மின்னணுச் சுற்று எதுவும் கிடையாது. செலினியம், முள், தகடு, ஸ்பிரிங். கடிகாரம் பழுதுபார்ப்பவர் திறந்து பார்த்தால் அரை மணியில் முழுதும் புரிந்துகொள்வார்.

சரி, முள் நகரவே இல்லை என்றால்? அதாவது, வெளிச்சம் போதவே போதாது என்றால்? அப்போது தகட்டைத் தடுக்க எதுவும் இல்லை. அது முழு உயரம் ஏறும். ஏறும்போது வியூஃபைண்டருக்குள் ஒரு சிவப்புத் தகட்டைத் தள்ளிவிட்டு, பொத்தானைப் பாதி வழியில் பூட்டிவிடும். எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. பிலிம் நகராது. ஜப்பானியர்கள் செல்லமாக இதைச் சிவப்பு நாக்கு என்பார்கள். நம்மைப் பார்த்து நாக்கைத் துருத்துகிறது!

கேமரா வரலாற்றில் இந்தச் சிவப்புத் தகட்டுக்கு யாரும் பெரிய இடம் கொடுப்பதில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. பிலிம் காலத்தில் தொடக்கக்காரரின் பெரிய சிக்கல், தவறு நடந்த நேரத்தில் அது தெரியாது என்பதுதான். கல்யாண வீட்டில் 36 படம் எடுப்பார். ரோலை ஸ்டுடியோவில் கொடுப்பார். ஒரு வாரம் கழித்து, ‘பதினோரு படம்தான் சார் வந்திருக்கு’ என்பார்கள். எந்தப் படத்தில் என்ன தவறு செய்தோம் என்று அதற்குள் யாருக்கு நினைவிருக்கும்? ஆப்டிமா சிவப்பைக் காட்டி எச்சரித்தது. டிரிப் எச்சரிப்பதோடு நிற்கவில்லை, பொத்தானையே பிடித்துக்கொண்டது. தவறும் பாடமும் ஒரே நொடியில் நடந்த இடம் இது. சிவப்பு வந்ததும் மனிதர் என்ன செய்வார்? ஜன்னலைத் திறப்பார், ஆளைத் திண்ணைக்கு அழைத்து வருவார், அல்லது ஃபிளாஷ் பொருத்துவார். இரண்டு ரோல் முடிவதற்குள் வெளிச்சத்தைக் கண்ணாலேயே எடைபோடப் பழகிவிடுவார். பிறகு வந்த கேமராக்கள் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. இருட்டில் அழுத்தினால் ஃபிளாஷ் அடித்து, வெளிறிய முகமும் கருத்த சுவருமாக ஒரு படத்தைக் கொடுத்துவிடும். அதில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை.

மூன்று முடிவுகளில் இரண்டை இயந்திரம் எடுத்துக்கொண்டது. மூன்றாவதான தூரத்தை எடுப்பவரிடமே விட்டார்கள். அதையும் மீட்டர் எண்ணாகக் கேட்டுப் பயமுறுத்தவில்லை. லென்ஸ் வளையத்தில் நான்கு சின்னங்கள்: ஒரு தலை, இரண்டு பேர், ஒரு குழு, ஒரு மலை. ஒரு தலை என்றால் ஒரு மீட்டர், குழு என்றால் ஏறக்குறைய மூன்று மீட்டர், மலை என்றால் அதற்கு அப்பாலுள்ள எல்லாம். வியூஃபைண்டரின் அடியில் ஒரு குட்டி ஜன்னல் வைத்து, எந்தச் சின்னத்தில் வளையம் நிற்கிறது என்பதை அங்கேயே தெரியும்படி செய்திருந்தார்கள். வெயிலில் துவாரம் சுருங்கிவிடுவதால் குழுச் சின்னத்தில் வைத்துவிட்டு நாள் முழுக்கச் சுற்றினாலும் பெரும்பாலான படங்கள் துல்லியமாகவே வரும். பக்கத்தில் வந்த முகத்துக்கு மட்டும் கையை அசைத்தால் போதும். தொடக்கக்காரருக்கு இவ்வளவு வேலை வேண்டும் என்பது என் எண்ணம். இதற்குக் குறைந்தால் அவர் எதையும் பார்ப்பதில்லை, கூடினால் படத்தைத் தவறவிடுகிறார்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். செலினியம் மந்தமானது, வீட்டுக்குள் மாலை விளக்கொளியில் சிவப்பு நாக்கைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. மீட்டர் எதிரிலிருப்பதை மொத்தமாக அளப்பதால், ஜன்னலுக்கு முன்னால் நிற்பவரின் முகம் கருத்துப்போகும். பிலிம் வேகத்தை வைக்கும் வளையம் 25 முதல் 400 வரைதான். ‘ஏ’யை விட்டுத் துவாரத்தைக் கையால் வைத்தால் ஷட்டர் 40இலேயே நின்றுவிடும், அந்த வசதி ஃபிளாஷுக்காக வைத்தது, வேறெதற்கும் அவ்வளவாக உதவாது. 40இல் ஒரு பங்கு என்பது கை நடுங்கினால் தெரிந்துவிடும் வேகம். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அழுத்த வேண்டும்.

பிரிட்டனில் இந்தக் கேமராவுக்குக் கிடைத்த புகழுக்கு டேவிட் பெய்லி ஒரு காரணம். 1960களின் லண்டன் ஃபேஷன் உலகைப் படம் பிடித்த பெரும்புள்ளி அவர். 1970களில் ஒலிம்பஸ் அவரை வைத்துத் தொலைக்காட்சி விளம்பரங்கள் எடுத்தது. அவற்றில் பெயர்பெற்றது ஒரு திருமண விளம்பரம். மூட்டை மூட்டையாகச் சாதனங்களோடு வந்த தொழில்முறைப் படக்காரர், சின்ன டிரிப்பைக் கையில் வைத்திருக்கும் விருந்தாளியைப் பார்த்து, நீ என்ன பெரிய டேவிட் பெய்லியா என்று ஏளனமாகக் கேட்பார். கேட்கப்பட்டவர் டேவிட் பெய்லியேதான். அந்தக் கேள்வி விளம்பரத்தைத் தாண்டி ஊர் வழக்கில் சேர்ந்துவிட்டது. இன்றும் பிரிட்டனின் வயதானவர்களிடம் டிரிப்பைக் காட்டினால் அந்த வாக்கியம் வந்துவிடும்.

எத்தனை விற்றது என்பதில் தகராறு இருக்கிறது. ஒரு கோடிக்கு மேல் என்பது எல்லா இடத்திலும் அச்சாகும் எண். டிரிப் என்ற பெயரை ஒலிம்பஸ் பிற்பாடு வேறு பல மாடல்களுக்கும் வைத்தது. ஒரு கோடி அவை எல்லாம் சேர்ந்த கணக்கு, டிரிப் 35 மட்டும் என்றால் அதில் ஏறக்குறைய பாதிதான் என்று சேகரிப்பாளர்கள் வாதாடுகிறார்கள். பாதியே ஆனாலும் ஐம்பது லட்சம். பெரிய மாற்றமின்றி ஒரே வடிவத்தில் 1984 வரை தயாரான கேமரா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நம் ஊர்க் கதை வேறு. அந்த ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால் ஜப்பானியக் கேமரா கடையில் நேர்வழியில் கிடைப்பது அரிது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ, பிறகு வளைகுடாவிலோ இருந்து வந்தவரின் பெட்டிக்குள்தான் அது வந்தது. அல்லது சென்னையில் பர்மா பஜாரில் விசாரிக்க வேண்டும். நடுத்தரக் குடும்பத்தின் முதல் கேமரா என்றால் இங்கேயே தயாரான அக்ஃபா கிளிக் த்ரீதான்: 120 ரோல், பன்னிரண்டு படம், வெயில் இருந்தால் நல்ல படம். பிரௌனியின் வாரிசு என்று தயங்காமல் சொல்லலாம். லண்டனில் டிரிப் கேக் வெட்டும் காட்சிகளைப் பிடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நம் பிள்ளைகள் மொட்டைமாடி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது இதனால்தான்.

1970களின் நடுவில் செலினியம் பழைய சரக்காகிவிட்டது. போட்டி நிறுவனங்கள் அதற்கு முன்பே காட்மியம் சல்ஃபைடு மீட்டருக்குப் போயிருந்தன. அது மங்கலிலும் நுட்பமாக அளந்தது; ஆனால் ஓடப் பாட்டரி வேண்டும், அதுவும் பெரும்பாலும் பாதரசப் பாட்டரி. ஒலிம்பஸ் மட்டும் டிரிப்பை மாற்றாமல் வைத்திருந்தது. அன்று அதைச் சோம்பேறித்தனம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். காலம் வேறு தீர்ப்பு எழுதியது. பாதரசம் நச்சு என்பதால் அந்தப் பாட்டரிகள் பின்னர் நாடு நாடாகத் தடைசெய்யப்பட்டன. அவற்றை நம்பியிருந்த நல்ல நல்ல கேமராக்கள், சரியான மின்னழுத்தம் தரும் பாட்டரி கிடைக்காமல் தடுமாறுகின்றன. டிரிப்புக்கு அந்தக் கவலை கிடையாது. வெளிச்சமே அதன் பாட்டரி. இன்று பழைய கேமரா தேடுபவர்கள் இதை முதலில் எடுப்பதற்கு அழகைவிட இதுதான் காரணம்.

மைதானி பென்னோடு நிற்கவில்லை. 1972இல் ஓஎம் வரிசை எஸ்எல்ஆர், 1979இல் மூடியை நகர்த்தினால் திறக்கும் எக்ஸ்ஏ என்று அவர் கைபட்டவை எல்லாம் அளவில் சிறுத்துக்கொண்டே போனவை. 2009இல், 76 வயதில் காலமானார். ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவை 2021 தொடக்கத்தில் வேறு கைக்கு மாற்றிக்கொடுத்துவிட்டது. நுண்ணோக்கியில் தொடங்கிய நிறுவனம் கடைசியில் மருத்துவக் கருவிகளோடு நின்றுகொண்டது.

உங்கள் வீட்டு அலமாரியில், அல்லது பழைய பொருள் விற்கும் கடையில் ஒரு டிரிப் 35 கண்ணில் பட்டால் வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள். வளையத்தை ‘ஏ’யில் வையுங்கள். பிலிம் வேகம் 100 போதும். முதுகுச் சக்கரத்தை நிற்கும்வரை திருப்புங்கள். லென்ஸை உள்ளங்கையால் முழுதாக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். சிவப்பு எழும்பி, பொத்தான் பாதியில் நிற்க வேண்டும். இப்போது கையை எடுத்து, வெளிச்சமான ஜன்னலை நோக்கி அழுத்துங்கள். ‘டிக்’ என்று ஷட்டர் விழ வேண்டும். மூடியபோதும் ஷட்டர் விழுந்தால் உள்ளே பூட்டு கெட்டிருக்கிறது. திறந்த வெளிச்சத்திலும் சிவப்பே வந்தால் செலினியம் செத்துவிட்டது. அதை உயிர்ப்பிப்பது கடினம், விலையைக் கேட்காமலே வைத்துவிடுங்கள். இரண்டும் சரியென்றால் துவாரத் தகடுகளைக் கவனியுங்கள். எண்ணெய் பிசுக்கு ஏறி ஒட்டிக்கொள்வது இந்தக் கேமராவின் வழக்கமான வியாதி. ‘ஏ’யிலிருந்து வளையத்தை நகர்த்தி, எஃப் 22இல் ஒருமுறையும் எஃப் 2.8இல் ஒருமுறையும் முன்பக்கமிருந்து பார்த்தபடி அழுத்தினால் துளை சிறுத்தும் பெருத்தும் தெரியும். தெரியாவிட்டால் சுத்தம்செய்யக் கொடுக்க வேண்டியிருக்கும். பின்மூடியின் ஓரத்தில் ஒளி புகாமல் வைத்திருக்கும் கருப்புப் பஞ்சு இத்தனை ஆண்டுகளில் பொடிந்திருக்கும். அது கைவேலை, மாற்றிக்கொள்ளலாம்.

முதல் ரோலுக்கு 200 வேகப் பிலிம் போடுங்கள். குழுச் சின்னத்தில் வைத்துக்கொண்டு காலை பத்து மணிக்குள் தெருவில் இறங்குங்கள்.

மூன்றாவது முடிவையும், அதாவது தூரத்தையும், இயந்திரமே எடுத்துக்கொண்ட கேமரா 1977 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. கொனிகா சி35 ஏஎஃப் பற்றி அடுத்த இதழில்.

(தொடரும்)